யாரிடம் சொன்னது

கடல் புள்ளிகள் நகரத் தொடங்கியபோது டெல்சி மச்சாதுவின் கையில் பாதி வடை இருந்தது. பழம்பதிவுகளைக் காக்கும் தூத்துக்குடி கடல்சார் பொது ஏடகத்தில் உலகமே முழுகினாலும் காலை பதினோரு மணிக்கு வடை வந்துவிடும். இயக்குநர் ஆவுடைநாயகம் வந்த நாளிலிருந்து அது சட்டம். அன்றைக்கு அந்தத் தட்டு அப்படியே ஆறிப்போனது.

சுவர் முழுக்க உலகக் கடல்களின் வரைபடம். அதில் வெள்ளை வெள்ளையாய் இரண்டு லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பார். கடலுக்கடியில் இருக்கும் பவளத் திட்டு. என்றோ ஒரு மீனவனோ முத்துக் குளிப்பவனோ 'இன்ன இடத்தில் இருக்கிறது' என்று யாரிடமோ சொல்ல, அதை யாரோ எழுதி வைக்க, அது ஏடகத்துக்கு வந்து புள்ளியானது. போய்ப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் வெறும் மணல்தான். மிச்ச இடங்களில் வெந்து செத்த பவளம். கடல் சூடேறி நாற்பது வருஷமாயிற்று. உலகம் பூராவும் உயிரோடு இருக்கும் பார் நூறுகூடத் தேறாது என்று விஞ்ஞானிகள் கைவிரித்துவிட்டார்கள்.

"சார், இங்க பாருங்க சார்!" என்று கத்தினாள் டெல்சி.

மன்னார் வளைகுடாவின் புள்ளிகள் அத்தனையும், யாரோ ஊதிவிட்டாற்போல, ஒன்றரை மைல் தெற்கே நகர்ந்தன. தூரத்துத் தீவுக்கூட்டம் ஒன்றில் எல்லாப் புள்ளியும் ஒரே சாய்வில் கிழக்கே வழுக்கின. ஒரு கரையில் ஆழத்தில் கிடந்தவை பாதி ஆழத்துக்கு ஏறின. நகர்ந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தில் வேறு ஏதாவது சாட்சி, என்றோ எடுத்த சிப்பியோ, நீரடி ஒலிப்பதிவோ, மாலுமியின் நாட்குறிப்போ பொருந்தினால் அங்கே உயிர்ப் பார் இருக்கலாம் என்று அந்தப் புள்ளி பச்சையாக மாறியது. ஒன்பது நிமிஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பச்சை!

ஆவுடைநாயகம் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "முருகா! என்னம்மா இது? இணைப்பிக்குப் பைத்தியம் பிடிச்சிட்டா?"

இணைப்பி என்பது ஏடகங்களை எல்லாம் ஒன்றோடொன்று கோக்கும் இயந்திரம். அதற்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. டெல்சிக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் வினை அவளுடையது.

ஏடகத்தில் ஒரு பொருள் நுழைந்தால், அது பாட்டோ படமோ சிப்பியோ, முதலில் அதற்கு ஒரு விவரச்சீட்டு எழுத வேண்டும். பெயர், இடம், நாள், சொன்னவர், எழுதியவர், உரிமை என்று பதினைந்து கட்டம். உலகத்து இருநூற்றுச் சொச்சம் ஏடகங்களும் இதே கட்டங்களை இதே ஒழுங்கில் நிரப்புவதால்தான் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரிகிறது. மீத்தரவு என்று அதற்குப் பெரிய பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் உலகக் கூட்டத்தில் டெல்சி எழுந்து பதினாறாவதாக ஒரு கட்டம் கேட்டாள்: 'யாரிடம் சொன்னது?' பெரிய படிப்பாளிகள் எல்லாம் சிரித்தார்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் பார் இன்ன எடத்துல இருக்குன்னு சொன்னா, யாருகிட்ட சொன்னாருன்னு தெரியாம அதை எழுதவே கூடாது" என்று பிடிவாதமாக நின்றாள். எதிர்பாராத கரைகளிலிருந்தெல்லாம் அவளுக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. கட்டம் வந்தது. ஒரு கோடிப் பதிவுகளில் அதை நிரப்பி முடித்தது போன வாரம்தான்.

"அது பொய்யைக் கண்டுபிடிச்சிட்டு சார்" என்றாள். "கடல்காரங்க வெளியாளுக்கு உண்மையான எடத்தைச் சொல்லவே மாட்டாங்க. அதிகாரி கேட்டா எங்க ஆளுங்க ஒன்றரை மைல் வடக்கே தள்ளிச் சொல்லுவாங்க. அது பரம்பரைப் பழக்கம். ஒவ்வொரு கரைக்கும் ஒரு கணக்கு இருக்கும் போல. யாருகிட்ட சொன்னதுன்னு தெரிஞ்சதும், பொய்யோட அளவைக் கழிச்சுட்டு எடத்தைப் போட்டிருக்கு."

"அளவு எப்படித் தெரியும்? எங்கயாவது ஒரு உண்மை வேணும்லா, ஒட்டிப் பாக்க?"

அந்த உண்மையும் அவள் கொடுத்ததுதான். அவள் அப்பா இஞ்ஞாசி மச்சாது சங்கு குளித்தவர். மீன்வளத்துறைக்காரர்களிடம் அவர் குடும்பப் பாரான மூக்குத்திப் பாருக்குச் சொன்ன வழி அரசுப் பதிவில் இருந்தது. பத்து வயசில் அவளை மடியில் வைத்து அதே பாருக்குச் சொன்ன வழி அவளுடைய பள்ளிக்கூட நோட்டில் இருந்தது. ஒரே ஆள், ஒரே பார், கேட்டவர் மட்டும் வேறு. இந்த மாதிரி ஜோடி உலகத்தில் வேறெங்கும் இல்லை. கேட்டவரைப் பொறுத்துப் பொய் எப்படி மாறும் என்று அதில் கற்றுக்கொண்டு, இணைப்பி அதையே திறவுகோலாக்கி மற்ற கரைகளையும் திறந்துவிட்டது.

சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒருவரை ஒருவர் பார்த்திராத ஆயிரம் கரைகள்; வேறு வேறு பாஷை, வேறு வேறு சாமி. அத்தனை பேரும் அவரவர் பாரைச் சுற்றிப் பொய்யால் வேலி கட்டியிருக்கிறார்கள். அந்த வேலிக்குள் இருந்தவை மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. மாதாவே, எவ்வளவு பெரிய காரியம்!

புல்லரிப்பு அடங்கியதும் அடுத்தது என்ன என்று உறைத்தது. ஏடகத்தின் விதி, எதுவும் எல்லாருக்கும் திறந்தது என்பதுதான். பதினெட்டு வருஷமாக அவள் அதற்காகவே உழைத்தவள். மறுநாள் மாலை ஆறு மணிக்கு இந்த வரைபடம் உலகத்துக்குத் தானாகவே திறந்துவிடும். சூடு தாங்கும் பவள விதை தேடி அலையும் விஞ்ஞானிகள் பார்ப்பார்கள். உயிர்ப் பவளத்தை வேரோடு அள்ளிப் பணக்காரர் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு விற்கும் கப்பல்காரர்களும் பார்ப்பார்கள்.

"அதுக்கு முன்னால ஒவ்வொரு ஏடகத்துலேருந்தும் ஒரு ஆள் பக்கத்துப் புள்ளிக்கு நேர்ல போய்ப் பாத்துச் சொல்லணுமாம்" என்றார் ஆவுடைநாயகம், திரையைப் படித்தபடி. "நம்ம புள்ளிக்கு நீதாம்மா போகணும். உங்க வீட்டுப் பார்லா!"

*

திரேஸ்புரம் கரையில் அவள் அண்ணன் கஸ்பார் படகின் அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயசு. மூக்குத்திப் பாரின் சங்கிலும் மீனிலும்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

"என்னட்டி, ஆபீசு நேரத்துல இங்கன வந்து நிக்க? யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?"

"மூக்குத்திப் பார் வெளிய வந்துட்டுண்ணே."

தார்ச்சட்டியைக் கீழே வைத்தான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் ஒரு தடவை, "அந்த மிசினுக்கு எப்படிட்டி தெரியும்?" என்று கேட்டான்.

"ஏலத்துக்குப் போற பெட்டிமேல சீட்டு ஒட்டுதோம்லா? என்ன மீன், எந்தக் கடல், யாரு பிடிச்சது, என்னைக்குன்னு? பெட்டியத் தெறக்காமலே யாவாரி வெலை சொல்லுதான்லா? அந்த மாதிரிதாண்ணே. மிசின் கடலைப் பாக்கலை. சீட்டைத்தான் பாத்துச்சு. ஒரு கோடிச் சீட்டு."

"அந்தச் சீட்டுல அப்பா உங்கிட்ட சொன்னதையும் எழுதிக் குடுத்திருக்க."

"சின்னப்புள்ளையில எழுதுன நோட்டுண்ணே அது. இப்பிடியாகும்னு நான் கண்டேனா?"

"கண்டேனாவாம்!" கஸ்பாரின் குரல் எகிறியது. "வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு! நாளைக்குக் கப்பல்காரன் வந்து நிப்பான். ஒரு வாரத்துல மொட்டையடிச்சிருவான். நானும் எம்புள்ளையளும் என்னத்தட்டி திங்க? உன் பதினாறாவது கட்டத்தையா?"

அவள் அழவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "சொன்னவரோட வாரிசு கேட்டா பதிவைத் திரும்ப எடுத்துக்கிடலாம். நீ கையெழுத்துப் போட்டா நம்ம பார் மறைஞ்சிரும். எல்லாப் புள்ளியும் பழைய எடத்துக்கே போயிரும்."

"எல்லாம்னா?"

அவள் கைத்திரையில் வரைபடத்தைக் காட்டினாள். தார்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஒவ்வொரு கடலாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தானே ஒரு சிரிப்பு! பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாப் பயலும் பொய்யால்லாட்டி சொல்லியிருக்கான்! இந்தா, இவன் ஆழத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கான். கெட்டிக்காரப் பய! இவனுவளும் நம்ம ஆளுவதான் போலுக்கே." சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்தான். "நான் கையெழுத்துப் போட்டா இதெல்லாம் அணைஞ்சிருமோ?"

"ஆமாண்ணே. வெதையும் கெடைக்காது. வெதை இல்லைன்னா செத்த பார் ஒண்ணும் திரும்ப முளைக்காது. இன்னும் இருவது வருசத்துல எந்தக் கரையிலயும் மீன் இருக்காதுன்னு சொல்லுதாவ."

கஸ்பார் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கையெழுத்துப் போடவில்லை. "நாளைக்கு விடிய வா. போய்ப் பாத்துட்டு வருவோம்."

"பொம்பளைய ஏத்த மாட்டீயளே?"

"ஏத்துதேன். வா."

*

விடிந்து ஒரு மணி நேரத்தில் கைத்திரை கீச்சென்று கத்தியது. புள்ளிக்கு வந்துவிட்டார்கள். கஸ்பார் முகக் கண்ணாடியையும் படகிலிருந்து காற்று இறங்கும் குழாயையும் மாட்டிவிட்டு அவளை மெல்ல நீருக்குள் இறக்கினான்.

கீழே சுண்ணாம்பு. சாம்பல் பாசி படிந்த எலும்புக்காடு. ஒரு மீன்குஞ்சு இல்லை. அவள் படகைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"செத்துப்போச்சுண்ணே! நம்ம பார் செத்துப்போச்சு!"

"இது மூக்குத்திப் பார் இல்லட்டி."

"அப்பா சொன்ன எடம் இதுதான். கரையில இருக்குற கோயில் கோபுரமும் வெளக்குமாடமும் ஒண்ணோட ஒண்ணு சேந்து தெரியுற எடம். எனக்கு மனப்பாடம்."

கஸ்பார் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாரை வாயால சொன்னா பொய்தான் சொல்லணும். அதிகாரிக்குப் பெரிய பொய். வீட்டாளுக்குச் சின்னப் பொய். காட்டத்தான் செய்யணும், சொல்லப்படாது. எனக்கும் மீசை முளைக்கிற மட்டும் இந்த எடத்தைத்தான் சொன்னாரு. பொறவு ஒருநா படகுல ஏத்திட்டுப் போயிக் காட்டுனாரு. நீ பொம்பளப்புள்ள. நாளைக்கு வேற கரைக்குக் கட்டிக் குடுத்தா, அங்கன வாய்தவறிச் சொல்லிருவன்னு..."

"எனக்குமா?" என்றாள் டெல்சி. முப்பது வருஷமாக, அப்பா தனக்கு மட்டும் சொன்ன உண்மை என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அந்த ஒன்றை நம்பித்தான் அவளும் கோட்டை கட்டினாள். உலகத்து இயந்திரமும் கட்டியது. அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவர்தான் இல்லையே!

அவள் அழுது முடித்ததும் கஸ்பார் கைத்திரையை வாங்கி அணைத்து, ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினான். "இந்தச் சனியன் இங்கனயே கெடக்கட்டும். ஏறு." இயந்திரத்தை முடுக்கினான். இன்னும் அரை மைல் போயிருப்பார்கள். அங்கே தண்ணீர் சேறு கரைத்தாற்போலக் கலங்கிக் கிடந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"இங்கனயா?"

"கலங்கல் மேலதான் இருக்கு. இதுதான் வெயிலை மறைக்கு. மேலேருந்து பாக்குற செயற்கைக்கோளுக்கும் மறைச்சிரும். எங்கையப் பிடிச்சுக்க."

இருவரும் இறங்கினார்கள். மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி ஆழம்வரை கையே தெரியாத இருட்டு. அவளுக்கு மூச்சு முட்டியது. திரும்பிவிடலாம் என்று அண்ணன் கையை இழுத்தாள். அவன் விடவில்லை. திடீரென்று கலங்கல் முடிந்தது. சட்டியில் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம் நாலா பக்கமும் கேட்டது.

பார் படபடவென்று பேசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சளும் ஊதாவும் பாக்கு நிறமுமாகப் பவளம். கொம்பு கொம்பாக, தட்டுத் தட்டாக, மூளை மூளையாக. ஒவ்வொரு இடுக்கிலும் மீன். ஓர் ஆமை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போனது. இந்தக் கடலைப் பற்றிப் பத்தாயிரம் சீட்டு எழுதியவள் டெல்சி. பெயர், நிறம், இடம், நாள் என்று எத்தனை கட்டம் நிரப்பியிருப்பாள்! அதில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கிப் பார்வை மறைந்தது. அண்ணன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே மிதந்தாள்.

படகில் ஏறியதும் கஸ்பார், கீழே ஒடித்துக்கொண்டு வந்த விரல் நீளப் பவளக் கிளைகள் நாலைந்தைக் கடல்தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டு மூடினான்.

"வெதைதானே வேணும்? எம்புட்டு வேணும்னாலும் தாரேன். இது நம்ம சொத்து மட்டும் இல்லைன்னு எனக்கும் தெரியும். எடத்தை மட்டும் யாருக்கும் குடுக்க ஏலாது." கையெழுத்துப் போடாத படிவத்தை எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "நான் உனக்குக் காட்டிட்டேன். அம்புட்டுத்தான். இனிம உன் பாடு."

*

ஏடகத்தில் வாளியைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. பவளத்தின் நுனியில் மயிரிழைபோல் உணர்கைகள் நீண்டு அசைந்தன. ஆய்வுக்கூடத்துப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தச் சூட்டிலும் இவ்வளவு செழிப்பா என்று தலையில் கைவைத்துக்கொண்டார் ஆவுடைநாயகம்.

"இதை வெட்டி வெட்டி நட்டா பத்து வருசத்துல வளைகுடாவையே நெறைச்சிரலாம்மா! சரி, சொல்லு. புள்ளி சரியா இருந்துச்சா?"

அரை மைல். தூரம், திசை என்று இரண்டே எண்களைத் தட்டினால் போதும். இணைப்பி அந்த அரை மைலையும் கழித்து உலகத்தின் அத்தனை பார்களையும் அதனதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். பதினெட்டு வருஷத்தில் தெரிந்தே ஒரு கட்டத்தைக்கூடத் தப்பாக நிரப்பியவள் இல்லை டெல்சி. தெரிந்ததை எழுதாமல் விடுவது திருட்டு என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லிக்கொடுப்பவள்.

"சரியா இருந்துச்சு சார். புள்ளி இருக்கிற எடத்துலதான் எடுத்தோம்."

சொல்லி முடித்ததும் காது சூடானது. ஆவுடைநாயகம் சந்தோஷமாகத் தட்டச்சு செய்தார்: தூத்துக்குடி, சரிபார்க்கப்பட்டது, உயிருடன் உள்ளது, புள்ளி சரி. அவள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பல்காரன் செத்த பாரைத் தோண்டிவிட்டுப் போவான், சரி. மற்றக் கடல்களில் உண்மையைச் சொல்லிவிட்டார்களானால்? தன் ஒரு பொய் எதைக் காப்பாற்றும்? யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? கேட்டாலே தெரிந்துவிடுமே.

மூன்றரை மணிக்கு முதல் பதில் வந்தது. பெயர் கேள்விப்பட்டிராத ஒரு தீவு ஏடகம். படத்தில் ஈரத்தலையோடு ஒரு பெண், கண் அழுது சிவந்திருந்தது. மடியில் பெயிண்ட் டப்பா. அதற்குள் உயிர்ப் பவளம். கீழே ஒரே வரி: 'புள்ளி சரி.'

டெல்சி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

அடுத்து வேறொரு கடல். அலுமினியக் குண்டான் நிறையப் பவளம். 'புள்ளி சரி.' அதன்பின் பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி. 'புள்ளி சரி.' ஒரு மீசைக்காரர் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். 'புள்ளி சரி.' மடமடவென்று வர ஆரம்பித்தன. ஐந்தரைக்குள் இருநூற்றுச் சொச்சம் ஏடகமும் சொல்லிவிட்டன. வாளி, பானை, டப்பா. ஒரு படத்திலாவது பாரின் இடத்தைக் காட்டும் கருவி இல்லை, பின்னால் கரை தெரியவில்லை. அழுத முகங்கள்தான் அதிகம்.

அவள் யாருக்கும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

"பாத்தியாம்மா!" ஆவுடைநாயகம் குழந்தை மாதிரி கைதட்டினார். "ஒரு புள்ளிகூடத் தப்பலை! உன் பதினாறாவது கட்டம் உலகத்தையே உண்மை பேச வச்சிட்டு!"

"ஆமா சார்" என்றாள் டெல்சி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு மணிக்கு வரைபடம் உலகத்தார் எல்லாருக்கும் திறந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பச்சைப் புள்ளிகளும் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை.